மாலாக் போட்டவர் யார், ஃப்ரீ போடுபவர் யார்

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு சர்வர் புரோகிராமை முழுசாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அது நாலைந்து நாள் ஓடினால் மெமரி தின்றே படுத்துவிடுகிறது, அதனால் தினமும் நடுராத்திரியில் நிறுத்தி மறுபடி கிளப்ப ஒரு கிரான் வேலை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "எங்கெல்லாம் ஃப்ரீ போடணும்னு மட்டும் சொல்லுங்க சித்தி" என்று முடித்திருந்தாய்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொரு கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். மாலாக் செய்து வாங்கிய ஒவ்வொரு துண்டு மெமரிக்கும் பொறுப்பு யார்? எந்த ஃபங்ஷன், எந்த ஸ்ட்ரக்ட், எந்த மாட்யூல்? இது தெரிந்துவிட்டால் ஃப்ரீ எங்கே வர வேண்டும் என்பது தானாகவே தெரியும். இது தெரியாமல் போடும் ஃப்ரீ ஆபத்து.

ஆகவே முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை புதிதாக ஒரு ஃப்ரீகூடச் சேர்க்காதே. லீக் ஆகும் புரோகிராம் சாகும்வரை சரியான விடையைத்தான் தந்துகொண்டிருக்கும். அவசரத்தில் போட்ட ஃப்ரீ அப்படியில்லை. இன்னொரு பாயின்டர் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீ விடுவித்தால், அடுத்த மாலாக் அந்த இடத்தை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். பிறகு இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதுவார்கள். தப்பு நடந்த இடம் ஒன்று, புரோகிராம் விழும் இடம் வேறொன்று. சி புரோகிராம்களின் மோசமான பாதுகாப்பு ஓட்டைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரே முகவரியை இரண்டு முறை ஃப்ரீ செய்வதும் இதே ஜாதி. லீக்கை அடைக்கப் போய் இதைக் கிளப்பிவிட்டால், ராத்திரி ரீஸ்டார்ட்டே தேவலை என்று உன் டீம் லீடர் சொல்வார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

ரீஸ்டார்ட்டை நான் குறை சொல்லவில்லை. முதலுதவியாக அது இருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. இரண்டு நாளுக்குள் அழைப்புகள் தேங்கிப் பெருங்குழப்பமாகி, பாதி கணினி பாதி கைவேலை என்ற முறைக்குத் திரும்பினார்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணங்கள் பல. நான் சொல்ல வருவது அடுத்து நடந்ததை. நவம்பர் 4, அதிகாலை இரண்டு மணி தாண்டியதும் கணினி வேகம் குறைந்து, கொஞ்ச நேரத்தில் அசையாமல் நின்றது. மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள், பலனில்லை. மாற்று சர்வரும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காகிதத்தில் எழுதித்தான் ஆம்புலன்ஸ்களை அனுப்பினார்கள். காரணம் 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கையில் இருக்கிறது. சுமார் மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாற்றம் செய்த புரோகிராமர், ஒரு சிறு துண்டுக் கோடை உள்ளேயே விட்டுவிட்டார். ஒவ்வொரு முறை ஒரு வண்டியை அனுப்பும்போதும் ஃபைல் சர்வரில் கொஞ்சம் மெமரி எடுக்கப்பட்டது, திரும்ப விடப்படவில்லை. மூன்று வாரத்தில் மொத்தமும் தீர்ந்தது.

வழக்கமான சோதனைகளில் இந்தக் கோளாறு அகப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதை நீ ஊன்றிக் கவனிக்க வேண்டும். உன் யூனிட் டெஸ்ட் ஒரு வண்டியை அனுப்பிப் பார்க்கும், வண்டி சரியாகப் போனால் பாஸ் போட்டுவிடும். சில பைட்டுகள் திரும்பி வராததை அது பார்ப்பதே இல்லை. லீக் பிடிக்க வேண்டுமென்றால் லீக்கைத் தேடுவதற்கென்றே தனியாக உட்கார வேண்டும்.

உட்காரும்போது கையில் வால்கிரின்ட் என்ற லீக் தேடும் கருவி இருக்கட்டும். பின்னாளில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனர்களில் ஒருவராக உலகம் அறிந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், 1991-இல் தொடங்கிய பியூர் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் விற்றது பியூரிஃபை என்ற மெமரிக் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியைத்தான். அந்தக் காலத்தில் இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜூலியன் செவர்ட் 2002-இல் வெளியிட்ட வால்கிரின்ட் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் எத்தனையோ டீம்களில் அதை ஒரு முறைகூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மைனஸ் ஜி போட்டு கம்பைல் செய், அப்போதுதான் கோப்பின் பெயரும் வரி எண்ணும் ரிப்போர்ட்டில் வரும். லீக் செக் ஃபுல் என்ற ஆப்ஷனோடு ஓட்டு. புரோகிராம் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள். உன்னுடையது சர்வர் என்பதால் ஒரு முன்வேலை உண்டு. அது ஒழுங்காக முடிந்து வெளியே வர வேண்டும். சிக்டெர்ம் வந்தால் ஒரு ஃப்ளாகை மட்டும் மாற்றிவை, மெயின் லூப் அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மூடி வெளியேறட்டும். கில் மைனஸ் நைன் போட்டால் ரிப்போர்ட்டே வராது.

இனி நான் எப்போதும் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். சர்வரை வால்கிரின்டில் கிளப்பிவிட்டு, சரியாக 137 ரிக்வெஸ்ட் அனுப்பு. 100 வேண்டாம், 128-உம் வேண்டாம்; அந்த எண்கள் டேபிள் அளவு, பஃபர் அளவு என்று கோடில் ஏற்கெனவே பல இடத்தில் கிடக்கும். 137 தற்செயலாக வராது. பிறகு நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டைக் கீழேயிருந்து மேலே படி, பெரிய இழப்புகள் கடைசியில்தான் இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் இத்தனை பைட், இத்தனை பிளாக் என்று இருக்கும். நீ பார்க்க வேண்டியது பிளாக் எண்ணிக்கையை. 137 பிளாக் என்றால் ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று வீதம் போகிறது. 274 என்றால் இரண்டு. வெறும் 1 என்றால் தொடக்கத்தில் ஒரே தடவை வாங்கியது, அதை அப்புறம் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்கக் கோடைப் படித்தாலும் கிடைக்காத தகவலை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

ரிப்போர்ட்டில் வகைகளும் இருக்கும். டெஃபினிட்லி லாஸ்ட் என்றால் அந்த இடத்தைக் காட்டும் பாயின்டர் புரோகிராமில் எங்குமே மிச்சமில்லை. இன்டைரக்ட்லி லாஸ்ட் என்பது அதன் பின்னால் தொங்கிக்கொண்டு போனது. ஒரு செஷன் ஸ்ட்ரக்ட், அதற்குள் பயனர் பெயருக்கு ஒரு பாயின்டர் என்று வைத்துக்கொள். ஸ்ட்ரக்டைத் தொலைத்தால் ஸ்ட்ரக்ட் முதல் வகை, பெயர் இரண்டாம் வகை. ஸ்ட்ரக்டை ஒழுங்காக விடுவிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து மறையும். ஆனால் ஸ்ட்ரக்டை மட்டும் வெறும் ஃப்ரீ செய்தாயானால், மறு ஓட்டத்தில் அந்தப் பெயர் முதல் வகைக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். பயந்துவிடாதே, வேலை பாதி முடிந்திருக்கிறது என்று அர்த்தம். பாஸிப்ளி லாஸ்ட் என்பது துண்டின் நடுவைக் காட்டும் பாயின்டர் மட்டும் மிஞ்சியிருப்பது. ஸ்டில் ரீச்சபிள் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதுதான் ஏமாற்றும்.

அட்ரஸ் சானிடைசரையும் பழகிக்கொள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் கம்பைல் செய்யும்போது ஓர் ஆப்ஷன் சேர்த்தால் போதும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். லினக்ஸில் புரோகிராம் முடியும்போது லீக் ரிப்போர்ட்டும் தரும். நான் முதலில் எச்சரித்தேனே, விடுவித்த இடத்தைத் தொடுவது, அதையும் அந்த வரியிலேயே பிடித்து நிறுத்தும். தினசரி டெஸ்ட்டுகளை இதில் ஓட்டு, ஆழமாகத் தோண்ட வால்கிரின்டை எடு. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்க முடியாது.

எந்தக் கருவியானாலும் ஒன்றை மறக்காதே. மாலாக் நடந்த வரியை அது காட்டும். ஃப்ரீ வந்திருக்க வேண்டிய வரியைக் காட்டாது, காட்டவும் முடியாது. அது உன் வடிவமைப்பில் இருக்க வேண்டிய முடிவு. யாரும் அந்த முடிவை எடுக்கவில்லை என்பதைத்தான் ரிப்போர்ட் சொல்கிறது.

லீக் பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கும் என்றால், காரியம் கெட்டுப்போகும் பாதையில். கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் ஒரு ஃபங்ஷனை நினைத்துக்கொள். முதலில் கோப்பைத் திறக்கிறது. பிறகு மாலாக்கில் ஒரு ஸ்ட்ரக்ட் வாங்குகிறது. ஹோஸ்ட் பெயரை ஸ்டர்டப் செய்து அதில் வைக்கிறது. அடுத்து போர்ட் எண் சரியா என்று பார்க்கிறது, தப்பாக இருந்தால் மைனஸ் ஒன்றை ரிட்டர்ன் செய்கிறது. அந்த ஒற்றை ரிட்டர்னில் மூன்று பொருள்கள் கைவிடப்பட்டன: கோப்பு, ஸ்ட்ரக்ட், பெயர். நல்ல கான்ஃபிக் கொடுத்துச் சோதித்தால் இந்த வரி ஓடவே ஓடாது. யாராவது பார்த்துவிட்டு ரிட்டர்னுக்கு முன் மூன்றையும் விடுவித்தாலும், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் நான்காவதாக ஒன்றை வாங்குவார். ஐந்து ரிட்டர்ன்களில் நாலில் திருத்துவார், ஒன்றை விட்டுவிடுவார்.

இதற்கு வழி எளிது. ஃபங்ஷனின் தலையில் எல்லாப் பாயின்டர்களையும் நல் என்று வை. எங்கே தோற்றாலும் ரிட்டர்ன் போடாமல் கோட்டூ வழியாக அடியில் இருக்கும் ஒரே லேபிளுக்குப் போ. அங்கே வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றையும் விடு. நல் பாயின்டரை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது என்று சி தரநிர்ணயமே உறுதி தருகிறது, அதனால் வாங்கினோமா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எஃப்குளோஸுக்கு அந்த உறுதி கிடையாது, அதற்கு மட்டும் இஃப் போடு. வெற்றிகரமாக முடிந்தால், ஸ்ட்ரக்டை வெளியே ஒப்படைத்த கையோடு உள்ளூர் பாயின்டரை நல் ஆக்கிவிடு. பொறுப்பு கைமாறிவிட்டது, இனி அடியில் இருக்கும் ஃப்ரீ அதைத் தொடாது. கோட்டூ கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த ஒரு காரியத்துக்கு அதுதான் சரியான கருவி, லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமும் இதைத்தான் பரிந்துரைக்கிறது.

தோல்விப் பாதையைக் கவனிக்காததன் விலை சின்னதல்ல. 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் கிளவுட் சேவை அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் முடங்கியது. சேமிப்பு சர்வர்களில் ஓடிய ஒரு சின்ன ஏஜென்ட், புள்ளிவிவரங்களைச் சேகரிப்பு சர்வர் ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சேகரிப்பு சர்வரை மாற்றினார்கள். புது முகவரி டிஎன்எஸ் வழியாக எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருந்த ஏஜென்ட்கள், தொடர்பு கிடைக்காத ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரியைத் தின்றன. தொடர்பு நன்றாக இருந்தவரை அந்த லீக் தலைகாட்டவே இல்லை. அனுப்பாவிட்டாலும் நஷ்டமில்லாத ஒரு தகவலுக்காக, சேமிப்பு சர்வர்கள் வேலை செய்ய மெமரி இல்லாமல் திணறின.

ரீஅலாக்கைத் தனியாகப் பார். பஃபர் = ரீஅலாக்(பஃபர், புதிய அளவு) என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அது தப்பு. இடம் கிடைக்காவிட்டால் ரீஅலாக் நல் தரும், பழைய துண்டை அப்படியே விட்டுவைக்கும். நீ அதே பெயரில் நல்லை எழுதியதும் பழைய துண்டின் முகவரி போய்விடும். விடையை வேறொரு பாயின்டரில் வாங்கி, சரியென்றால் மாற்று. கெட்லைன் தோற்றாலும் அது வாங்கிய பஃபரை நீதான் விடுவிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

இப்போது ஸ்டில் ரீச்சபிளுக்கு வருகிறேன். புரோகிராம் முடியும்போதும் பாயின்டர் உயிரோடு இருக்கும் மெமரி அது. பெரும்பாலும் தீங்கில்லாதது, ஏனென்றால் புராசஸ் முடிந்ததும் கெர்னல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், நீ ஒரு ஹாஷ் டேபிளில் செஷன்களைச் சேர்த்துக்கொண்டே போய் எதையும் நீக்காமல் இருந்தால், வால்கிரின்ட் கண்ணில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பாயின்டர் இருக்கிறதே! அதிலும் முடியும் நேரத்தில் டேபிளை அழகாக அழித்துவிட்டாயானால் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட வராது. ஆனால் சர்வர் நாலாம் நாள் படுத்துவிடும். உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இதன் மேல்தான்.

இதைப் பிடிக்க வளர்ச்சியை அளக்க வேண்டும். ப்ராக் டைரக்டரிக்குள் புராசஸ் எண்ணின் கீழே ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம் ஆர்எஸ்எஸ் என்ற வரி இருக்கும். ஆயிரம் ரிக்வெஸ்ட் அனுப்பிக் குறித்துக்கொள், இன்னும் ஆயிரம், இன்னும் ஆயிரம். ஆரம்பத்தில் ஏறி அப்புறம் சமமாக நின்றால் அது லீக் இல்லை. நீ ஃப்ரீ செய்ததை எல்லாம் ஜிலிப்ஸி உடனே கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடாது, மறுபடி கேட்பாய் என்று தன்னிடமே வைத்துக்கொள்ளும். இது புரியாமல் இல்லாத லீக்கைத் தேடி வாரக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். அப்போது வால்கிரின்டின் இன்னொரு கருவியான மாசிஃபை ஓட்டு. எந்த மாலாக் வரி காலப்போக்கில் வீங்குகிறது என்று அது வரைந்து காட்டும்.

கண்டுபிடிப்பது இவ்வளவுதான். மேற்கொண்டு வராமல் தடுப்பதற்கு, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத்தான் திரும்ப வேண்டும். கல்யாண வீட்டில் வாடகைக்கு எடுத்த பாத்திரங்களை ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைப்பார்கள். எல்லாரும் பார்த்துப்பாங்க என்று விட்ட வீட்டில்தான் அண்டா குறையும். மெமரிக்கும் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். மற்றவர்கள் பார்க்கலாம், பயன்படுத்தலாம், விடுவிக்கக் கூடாது. சி மொழி இதைக் கண்காணிக்காது. அதனால் பெயரிலும் ஹெடர் கோப்பிலும் நீ எழுதி வைக்க வேண்டும். செஷன் கிரியேட் என்று ஒன்று இருந்தால் செஷன் டெஸ்ட்ராய் என்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும், வெளியில் யாரும் செஷனை நேரடியாக ஃப்ரீ செய்ய வேண்டாம். ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் ஸ்ட்ரிங் இரவலா, கூப்பிட்டவர் விடுவிக்க வேண்டியதா? இரவல் என்றால் கான்ஸ்ட் போட்டுத் திருப்பிக் கொடு.

முடிந்த இடத்தில் மாலாக்கே வேண்டாம். அளவு தெரிந்த சின்ன பஃபர் ஸ்டாக்கிலேயே இருக்கட்டும். ஒரு ரிக்வெஸ்ட்டுக்காக முப்பது சின்னத் துண்டு வாங்குகிறாய் என்றால், அந்த ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு பூல் வைத்து எல்லாவற்றையும் அதிலிருந்தே எடு, முடிந்ததும் பூலை மொத்தமாக விடு. அப்பாச்சி வெப் சர்வர் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இதையே மெமரி கான்டெக்ஸ்ட் என்கிறது. முப்பது பொறுப்பாளர்கள் ஒருவராகக் குறைகிறார்கள்.

தோல்விப் பாதையைச் சோதிக்க எஸ்கியூலைட் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள். அவர்களுடைய டெஸ்ட்டில் ஒரு பொய் மாலாக் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் முதல் மாலாக்கைத் தோற்கச் செய்வார்கள். அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. எதுவுமே தோற்காமல் வேலை முழுசாக முடியும்வரை இப்படியே போகும். ஒவ்வொரு தோல்வியிலும் புரோகிராம் விழவில்லையா, வாங்கியதெல்லாம் திரும்பியதா என்று பார்ப்பார்கள். கர்ல் திட்டத்திலும் இதே மாதிரிச் சோதனை உண்டு. உன் கான்ஃபிக் ஃபங்ஷனுக்கு இப்படி ஒன்று எழுத ஒரு சாயங்காலம் போதும். மாலாக்கைச் சுற்றி உன் பெயரில் ஒரு ஃபங்ஷன், அதில் ஒரு கவுன்டர், கவுன்டர் குறித்த எண்ணைத் தொட்டால் நல். அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்து ஓட்டினால், நான் மேலே சொன்ன அந்த ஒற்றை ரிட்டர்னைப் போன்றவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இந்த வாரம் கோடில் கை வைப்பதற்கு முன்னால் ஹெடர் கோப்பைத் திற. பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள் எத்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி கமென்ட் எழுது: இதை யார் விடுவிக்க வேண்டும். சிலவற்றுக்கு உடனே எழுதிவிடுவாய். சிலவற்றுக்குப் பேனா நிற்கும், கோடைப் படித்தாலும் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். அந்த ஃபங்ஷன்களின் பெயர்களை மட்டும் தனியாக எழுதி உன் டீம் லீடரிடம் எடுத்துக்கொண்டு போய் உட்கார். செஷன் டேபிளிலிருந்து எதை எப்போது நீக்குவது என்பதையும் அன்றைக்கே அவரோடு பேசி முடிவு செய்துகொள்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தி